வலப்பக்கமாத்தான் சுத்தினேன்

கயிற்றை எந்தப் பக்கமா இழுக்கறோமோ அந்தப் பக்கமாத்தான் மோட்டார் ஓடும், அதுக்குன்னு தனியா ஒரு புத்தி கிடையாதுன்னு எனக்கு முதல்ல சொன்னது மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டுற இருதயராஜ்தான். போன ஆடிப்பெருக்குக்கு மறுநாள். காவிரியில விட்டது போக மிச்சம் காதோலை கருகமணி தட்டுலயே கிடந்துச்சு, அதனால நாள் நல்லா ஞாபகம் இருக்கு. நல்ல மனுஷர். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகாம டெஸ்டரைக் கையில தொட மாட்டார். அவர் சொன்னதை நானும் காதுல வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கலைன்னு யாரும் சொல்லக் கூடாது.

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காருங்க. கரன்ட் கம்பம் நட இடம் பார்க்க வந்தவங்களை வெயில்ல நிறுத்தி வைக்கிறது நல்லா இல்லை. சௌந்தரம் ரேஷன் கடைக்குத்தான் போயிருக்கா, இப்ப வந்துடுவா. சௌந்தரம்னா எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவ வீடு. நீங்க கம்பம் நடணும்னு சொன்ன மூலை அவளோட இடம்தான். அவ சரின்னாத்தான் எங்களுக்கு மூணு பேஸ் லைன் வரும். அதைத்தானே இப்பச் சொன்னீங்க?

ஒண்ணு செய்யுங்க. அவ வீட்டுக்குப் போறப்ப ஒரு தட்டு தர்றேன். பழம், வெத்தலைபாக்கு, சமயபுரத்துக் குங்குமம். "அண்ணி கொடுத்தாங்க, கம்பத்துக்குச் சம்மதம் கேட்டாங்க"ன்னு சொல்லிக் கொடுத்துடுங்க. எப்படியும் நீங்க அங்கே போகத்தானே போறீங்க. யார் கையால போனா என்ன?

இருங்க, கேட் சத்தமா அது? இல்லை. எதிர் வீட்டுல பைக்கை நகர்த்தறாங்க.

எங்களுக்குள்ள சண்டை எதுவும் இல்லை தம்பி. நான் யார்கூடயும் சண்டை போடறவ இல்லை, இந்தத் தெருவுல யாரை வேணாலும் கேளுங்க. அவதான் பேசறதில்லை. நான் செவ்வாய்க்கிழமை தவறாம அவ பேருக்கும் சேர்த்து அர்ச்சனை பண்றேன். அவ நட்சத்திரம் அவளுக்கே மறந்திருக்கும், எனக்கு மறக்கலை. அவளுக்கு நல்ல புத்தி கொடு தாயேன்னுதான் கேட்கறேன், வேற ஒண்ணும் கேட்கறதில்லை.

என் மகன் திருமாறனைப் பார்த்தீங்களே, உள்ளே காலை நீட்டிப் படுத்திருக்கானே, அவன் துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில லேத்து ஓட்டற டர்னரா இருந்தான். ஆர்டர் இல்லைன்னு ஆட்களைக் குறைச்சாங்க. இவனும் வெளியே வந்தான். என் மகள் பூங்கோதை ஓசூர்ல இருக்கா. "இங்கே வாடா, மாமா கம்பெனியில சொல்லி வைக்கிறேன்"னு ஒரே பிடியா நின்னா. இவன் போகலை. "அம்மா தனியா இருக்காங்க"ன்னு சொன்னான். நான் இருன்னு சொல்லலை தம்பி. "எங்கே இருந்தாலும் நல்லா இரு, என்னைப் பத்திக் கவலைப்படாதே, எனக்கு மயக்கம் வந்தா பக்கத்துல யாராவது பார்த்துக்குவாங்க"ன்னுதான் சொன்னேன். அவனாத்தான் இருந்துட்டான்.

மூடின பட்டறை ஒண்ணுலேர்ந்து பழைய லேத்து ஒண்ணைக் கொண்டுவந்து பின்னாடி கொட்டகையில இறக்கினான். அதோட மோட்டாருக்கு மூணு பேஸ் வேணும். நம்ம வீட்டுக்கு வர்றது ஒண்ணு. அவனுக்குத் தெரியாம இல்லை, லைன் வாங்கிடலாம்னு இருந்தான். அப்பவும் இதே பேச்சுதான்: கம்பம் ஒண்ணு வேணும், கம்பம் சௌந்தரத்தோட மூலையில நிக்கணும்.

"நான் போய் அத்தைகிட்ட கேட்டுட்டு வந்துடறேம்மா"ன்னு செருப்பை மாட்டினான்.

"தாராளமாப் போப்பா, நான் தடுக்கலை. நான் இன்னிக்கு விரதம். அடுப்பு பத்த வைக்கலை. வந்து நீயே ஏதாவது பண்ணிச் சாப்பிட்டுக்கோ"ன்னேன்.

"இன்னிக்குப் புதன்கிழமைம்மா. புதன்கிழமை என்ன விரதம்?"

"எல்லா நாளும் சாமி நாள்தானே."

செருப்பைக் கழட்டிட்டான். நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே சொல்லுங்க, இதுல நான் என்ன சொன்னேன்?

உறையூர் போயி வெக்காளியம்மனுக்கு வேண்டுதல் சீட்டு எழுதிக் கட்டினேன். மூணு பேஸ் வரணும், சௌந்தரத்துக்குப் புத்தி வரணும். ரெண்டையும் ஒரே சீட்டுல எழுதிட்டேன், அம்மனை ரெண்டு தடவை படிக்க வைப்பானேன். அடுத்த வாரமே இருதயராஜ் வந்து நிக்கறார். கூடவே மீன்பாடி வண்டியில ஒரு மோட்டார்.

"மூணு பேஸை நம்மளே வீட்டுக்குள்ள உண்டாக்கிடலாம்கா"ங்கறார்.

பார்த்தீங்களா? யார் வாசலையும் மிதிக்காம அம்மன் வழி காட்டிட்டா.

அது ஏதோ பாலிஷ் போடற கடையில கிடந்த மோட்டார். ரெண்டு பக்கமும் தண்டு நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு பக்கமும் புல்லிச் சக்கரம். லேத்து மோட்டாரைவிடப் பெரிசு, பெரிசாத்தான் இருக்கணுமாம். பக்கவாட்டுல ஒரு பெட்டி. மூடியைக் கழட்டினா மேல மூணு திருகு, கீழ மூணு திருகு. ஒரே வரிசையாச் சேர்த்துப் போட்டிருந்த பித்தளைத் தகட்டையெல்லாம் எடுத்துட்டு, மேலயும் கீழயுமா ஜோடி ஜோடியா மாத்தி முடுக்கினார். அது கம்பெனிக் கரன்ட்டுக்குக் கட்டினது, வீட்டுக் கரன்ட்டுக்கு இப்படித்தான் இருக்கணும்னார். முன்னாடி இருந்ததுக்கு ஸ்டார்னு பேராம், இதுக்கு டெல்டாவாம். டெல்டான்னா நம்ம தஞ்சாவூர்ப் பக்கம்னு நெனைச்சிருந்தேன். லேத்து மோட்டாருக்கும் அதே மாதிரி மாத்தினார். எர்த் கம்பியை மட்டும் அவரே மண்ணைத் தோண்டிப் புதைச்சார், யாரையும் விடலை.

"நம்ம வீட்டுக்கு வர்றது ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், ரெண்டு கம்பி. ரெண்டும் இந்தப் பெரிய மோட்டாருக்குப் போகுது. மூணாவது முனையில ஒண்ணும் கிடையாது, சும்மா இருக்கு"ன்னு சொல்லிட்டு சுவிட்சைப் போட்டார். மோட்டார் உம்ம்ம்னு முனகுது, நகரலை. படார்னு அணைச்சார். "ரெண்டு கம்பியை வச்சுக்கிட்டு இதால கிளம்ப முடியாது. யாராவது ஒரு தள்ளு கொடுத்துட்டா அது பாட்டுக்கு ஓடும். ஓட ஆரம்பிச்சா இந்தச் சும்மா கிடந்த முனையில மூணாவது பேஸ் தானா வரும். மூணையும் லேத்துக்கு இழுத்துக்க வேண்டியதுதான்."

"இந்த மோட்டார் என்ன வேலை பார்க்கும்?"ன்னேன்.

"ஒரு வேலையும் பார்க்காதுக்கா. சும்மா சுத்தும். ஆனா இது நின்னா அது நின்னுடும்."

"இல்லாததை எப்படி உண்டாக்கும்?"

"உங்க அம்மன் உண்டாக்கினதா வச்சுக்கங்க, எங்க மாதா உண்டாக்கினதா வச்சுக்கங்க. கயிற்றை மட்டும் சரியா சுத்துங்க. எந்தப் பக்கமா இழுத்து விடறீங்களோ அந்தப் பக்கமா ஓடும். அதுக்குத் தகுந்த மாதிரிதான் லேத்தும் ஓடும். அதுங்களுக்கு எது நேர், எது தலைகீழ்னு தெரியாது."

பெட்டிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைக்கலாம்னு போனேன். "அக்கா! சந்தனத்தை மோட்டார் முதுகுல வைங்க, பெட்டிக்குள்ள வைக்காதீங்க, நானும் நீங்களும் ஒண்ணாப் போய்ச் சேர்ந்துடுவோம்!"னு கத்திட்டார். எங்க மாறன் அன்னிக்குத்தான் சிரிச்சான். வேலை போனதுலேர்ந்து அன்னிக்குத்தான்.

கப்பாசிட்டர்னு ஒண்ணு கூட வச்சா கயிறே வேண்டாம், பொத்தானை அமுக்கினாப் போதும்னும் இருதயராஜ் சொன்னார். "அது எதுக்கு, நான்தான் இருக்கேனே"ன்னு சொல்லிட்டேன். கிணத்துத் தாம்புக்கயிறு நல்ல துண்டா ஒண்ணு இருந்துச்சு. நுனியில முடிச்சு. அதைப் புல்லிப் பள்ளத்துல மாட்டி, வலப்பக்கமா நாலு சுத்து. கோயில்ல பிராகாரம் சுத்தற மாதிரி. தாயேன்னு ஒரு இழு. அவன் அந்த நொடியில சுவிட்சைப் போடுவான். முனகல் போயி கணீர்னு ஓட ஆரம்பிச்சுடும்.

"வாசல் பக்கமா நின்னு இழும்மா"ன்னு அவன் ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். எனக்குக் காத்து வரட்டும்னு சொல்றான்னு நெனைச்சேன். அவ்வளவு பாசம்.

காபி ஆறுது, குடிங்க. நான் உட்கார்ந்துக்கறேன், உட்கார்ந்துக்கறேன். உட்கார முடியலை தம்பி, அவ வந்துட்டாளான்னு பார்க்கணுமே.

"அம்மா, கயிறு!"ன்னு கூப்பிடுவான். சாதம் கொதிச்சுக்கிட்டு இருக்கும், அப்படியே போட்டுட்டு ஓடுவேன். கரன்ட் போய்த் திரும்ப வந்தா, "அம்மா, கயிறு!" சாப்பாட்டுக்கு நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கிறப்ப, "அம்மா, கயிறு!" தூங்கறப்பகூட அந்தச் சத்தம் காதுல கேட்கும். கை மூட்டு வலிச்சுது, யார்கிட்டயும் சொல்லலை. அவங்கப்பா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல என்னை யாரும் அவ்வளவு தடவை கூப்பிட்டதில்லை. பம்ப்செட்டுக்கு புஷ், டிராக்டருக்குப் பின்னு, வேலை வர ஆரம்பிச்சுது. பெரிய வேலை எடுத்தா மோட்டார் திணறும், அதனால சின்னச் சின்னதா எடுத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் சௌந்தரம் துணி காயப் போடற மாதிரி நின்னு கேட்டுக்கிட்டே இருப்பா. ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, "உங்க அம்மாவுக்கு இந்த வயசுல கயிறிழுக்கற போட்டியாடா? கம்பத்தை நட்டுத் தொலைக்க வேண்டியதுதானே"ன்னு கேட்டாளாம். எப்படிக் குத்தல் பாருங்க.

என்ன கோபம்னு கேட்கறீங்களா? ஒண்ணுமே இல்லாத விஷயம். பூங்கோதை கல்யாணத்துல அத்தைக்குப் புடவை கொடுக்கணும், எங்க வழக்கம். தட்டுல வச்சு, கூப்பிட்டு, கொடுக்கணும். நான் கொடுக்கலைன்னு யாராவது சொல்ல முடியுமா? பட்டு. மத்த எல்லாருக்கும் எடுத்ததைவிட நல்ல பட்டு. மண்டபத்துல ஒருபக்கம் மாப்பிள்ளை வீட்டார், ஒருபக்கம் ஐயர், ஒருபக்கம் சாம்பார் பத்தலைங்கறாங்க. இவளை எங்கே போய்த் தேடறது? வேன் டிரைவர் பைகளைத் தூக்கிட்டுப் போய்க்கிட்டிருந்தார். "இந்தக் கவரை சௌந்தரத்துகிட்ட கொடுத்துடுங்க"ன்னேன். கொடுத்தார். பந்தியில உட்கார்ந்திருந்தவ, கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டு, இலையை மூடிட்டு எழுந்து போயிட்டா. அண்ணன் மகள் கல்யாணத்துல! எனக்கு எப்படி இருந்திருக்கும்? புடவை புடவைதானே தம்பி. டிரைவர் கையால வந்தா பட்டு நூலாயிடுமா?

எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும், "நீ ஒரு எட்டு போயிட்டு வா மரகதம்"னு சொல்லிக்கிட்டே இருப்பார். போகக் கூடாதுன்னு இல்லை. அவ வரட்டுமேன்னுதான்.

அது கிடக்கட்டும். ஐப்பசி மழை. கொட்டகையில வாசல் பக்கத்துத் தகரம் ஒழுகி, நான் எப்பவும் நிக்கிற இடத்துல தண்ணி. மோட்டார் ஓடற இடத்துல ஈரத்துல நிக்கக் கூடாதுன்னு இருதயராஜ் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார். நான் சொன்னதைக் கேட்கறவ. அந்தப் பக்கம் காஞ்சு கிடந்துச்சு, அந்தப் பக்கத்துலயும் புல்லி இருக்கே. அந்தப் பக்கம் போய் நின்னேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு லேத்துல கடையற துண்டைப் பூட்டிக்கிட்டிருந்தான். மழைச் சத்தத்துல நான் எங்கே நிக்கறேன்னு அவன் பார்க்கலை. முடிச்சை மாட்டினேன். வலப்பக்கமா நாலு சுத்து. எப்பவும் போலத்தான். தாயேன்னு குரல் கொடுத்து இழுத்தேன், அவன் திரும்பாமலே சுவிட்சைப் போட்டான். எப்பவும் போலத்தான் கணீர்னு ஓடுச்சு. சத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்லை தம்பி, சத்தியமா.

அவன் லேத்தைப் போட்டான்.

லேத்துல சக்குன்னு ஒண்ணு இருக்கு, கடையற துண்டைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு. ஒரு குடம் அளவு இருக்கும். அது மரை போட்டு மாட்டியிருக்கிறது. நேராச் சுத்தினா இறுகிக்கிட்டே போகும். தலைகீழாச் சுத்தினா கழண்டுக்கும். கழண்டுக்கிச்சு. கழண்டு, லேத்து மேல ஒரு மோது, அங்கேருந்து அவன் வலது கால் மேல.

அவன் அலறினது எனக்கு இன்னும்... சரி, விடுங்க.

நான் ஓடினேன். சாமி ரூமுக்குத்தான் ஓடினேன், திருநீறு எடுக்க. வேற எங்கே ஓடுவேன்? டப்பா மூடி லேசுல திறக்கலை. திருநீற்றோட திரும்பி வர்றேன், அதுக்குள்ள சௌந்தரம் அந்த உடம்பை வச்சுக்கிட்டு சுவரேறிக் குதிச்சு, மெயினை அணைச்சு, தன் முந்தானையைக் கிழிச்சு அவன் காலைக் கட்டி, ஆட்டோக்காரரும் அவளுமாத் தூக்கிப் போய்க்கிட்டு இருக்காங்க. ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். பெத்தவ திருநீறு பூச ஒரு நிமிஷம்.

ஆஸ்பத்திரியில பாதத்துல எலும்பு ரெண்டு இடத்துல விரிசல் விட்டிருக்குன்னாங்க. விரல் பிழைச்சுது, அம்மன் புண்ணியம். நான் பெஞ்சுல உட்கார்ந்து ஜபம் பண்ணிக்கிட்டே இருந்தேன். இவ எங்கேயோ போயி, ஒரு பிளாஸ்க்கோட வந்தா. டம்ளர்ல ஊத்தி, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "அண்ணி, குடிங்க"ன்னா.

அத்தனை வருஷத்துக்கப்புறம் அதுதான் முதல் பேச்சு. நான் வாங்கிக்கிட்டேன். மரியாதை தெரியாதவ இல்லை நான். குடிச்சா, சர்க்கரை போடாத காபி. எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது அவங்கண்ணன் போனதுக்கப்புறம். தெருவுல யாருக்கும் சொன்னதில்லை. இவளுக்கு யார் சொன்னா? மாறனைக் கேட்டேன், நான் சொல்லலைங்கறான். பூங்கோதையும் இல்லைங்கறா. யாரா இருக்கும்? துணி காயப் போட்டுக்கிட்டே சுவரோரத்துல கேட்டிருப்பாளோ? நான் மாத்திரை போடறதைப் பார்த்திருப்பாளோ? அதையே நெனைச்சுக்கிட்டிருக்கேன். பூஜையில உட்கார்ந்தாலும் அந்த டம்ளர்தான் வருது.

இருதயராஜ் மறுநாள் வந்து கொட்டகையைப் பார்த்துட்டு, "எந்தப் பக்கமாக்கா சுத்துனீங்க?"ன்னார்.

"வலப்பக்கமாத்தான் சுத்தினேன்."

"அது சரி. எங்கே நின்னு?"

"எங்கே நின்னா என்ன, வலம் வலம்தானே?"

அவர் மாறனோட சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைச் சுழட்டி விட்டார். "இங்கே நின்னு பாருங்க. எந்தப் பக்கமாச் சுத்துது?" வலப்பக்கமா. "இப்ப அந்தப் பக்கம் போய்ப் பாருங்க." போய்ப் பார்த்தேன். இடப்பக்கமாச் சுத்துது. திரும்பி இந்தப் பக்கம் வந்தேன், வலப்பக்கம். அதே சக்கரம் தம்பி. அவர் கையை வைக்கக்கூட இல்லை. நாலு தடவை போயிப் போயி வந்தேன். "போதும்கா, தலை சுத்தப் போகுது"ன்னார்.

எனக்கு இன்னமும் அது சரியாப் பிடிபடலை. நான் சரியாத்தான் சுத்தினேன்.

இப்ப மாறன் சொல்லிட்டான். "இனி இந்த மோட்டாரை நம்பி வேலை எடுக்க மாட்டேன். உன்னைக் கயிறிழுக்க விடவும் மாட்டேன். லைன் வந்தா இங்கே இருக்கேன். இல்லைன்னா கால் சரியானதும் ஓசூர்தான்." பூங்கோதை அங்கே ரூம்கூடப் பார்த்து வச்சுட்டா. சௌந்தரத்தை இவனே சுவரோரமா நின்னு கேட்டிருக்கான். "நட்டுக்கோடா. வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்? என்னை யார் கேட்டீங்க? உங்க அம்மா வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும்"னு சொன்னாளாம். "போம்மா, பத்தடி தூரம்"ங்கறான் இவன். காலைல அப்படிச் சொன்னவன் அப்புறம் சுவர்ப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டான். அப்பலேர்ந்து அந்தக் கொட்டகை அப்படி அமைதியா இருக்கு. மூணு தடவை போய்க் கயிற்றை எடுத்து மடிச்சு வச்சுட்டு வந்துட்டேன். மடிச்ச கயிற்றையே மடிக்கிறேன்.

கேட்! அவதான். பார்த்தீங்களா, தோள்ல பை, அரிசியைத் தூக்க முடியாமத் தூக்கிட்டு வர்றா.

எழுந்திருங்க தம்பி. இந்தாங்க தட்டு. என்ன, உங்க பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அப்படியே நிக்கறீங்க? பிடிங்க. அண்ணி கொடுத்தாங்கன்னு... கையை நீட்ட மாட்டேங்கறீங்களே.

சும்மா சிரிக்காதீங்க.

சரி. இருங்க, இந்தப் பழம் உருளுது. வெத்தலை நுனி எந்தப் பக்கம் இருக்கணும், வாங்கறவங்க பக்கமா, கொடுக்கறவங்க பக்கமா? எல்லாம் மறந்து போச்சு. குங்குமம் இருக்கு. என் தலை கலைஞ்சிருக்கா? இருக்கட்டும்.

நீங்க எனக்கு முன்னாடி நடங்க. அவ வீட்டுக் கேட்டை மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்க தம்பி, தள்ளணுமா இழுக்கணுமான்னு எனக்குத் தெரியலை. எனக்கு ரெண்டு கையும் தட்டுல இருக்கு.